டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் ஒன்று உண்டு. என்ன பைட் (0 முதல் 255 வரையான ஒரு எண்) வந்ததோ அதை அப்படியே நடத்திக் காட்டும். தானாக எதையும் ஊகிக்காது, திருத்தாது. அதனால் காகிதத்தில் தவறாக விழுவது ஒவ்வொன்றும் ஒரு தடயம். அதைப் படிக்கத் தெரிந்தால், புரோகிராமைத் திறப்பதற்கு முன்பே பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். இந்த வழிமுறையும் அந்த வரிசையில்தான் போகிறது: காகிதத்தில் என்ன தெரிகிறது, அதற்குக் காரணம் என்ன, எப்படிச் சரி செய்வது.

இங்கே பேசுவது எப்சன் உருவாக்கிய எஸ்கேப்/பி கட்டளை மொழி. வேறு நிறுவனங்களின் பிரிண்டர்களும் பெரும்பாலும் இதையே பேசும். கட்டளைகளைப் பத்தடிமான எண்களாகவே தருகிறேன். 27 என்றால் எஸ்கேப். 27, 64 என்றால் எஸ்கேப், அதை அடுத்து 'அட்' குறி. அதாவது பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை. எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் கம்பியில் போவது இந்த எண்கள்தான். எப்சனில் எஃப்எக்ஸ், எல்எக்ஸ் வரிசைகள் 9 பின் (ரிப்பனை அடித்துப் புள்ளி வைக்கும் ஊசி) கொண்டவை, எல்க்யூ வரிசை 24 பின் கொண்டது. சில கட்டளைகளுக்கு இந்த இரண்டிலும் அர்த்தம் வேறு என்பதால், உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கேபிளைக் கழற்றிவிட்டு பிரிண்டரின் செல்ஃப் டெஸ்ட்டை ஓட்டுங்கள். எல்எக்ஸ்-300 வகையில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரைப் போட்டால் டெஸ்ட் அச்சாகும். அதில் எழுத்துகள் நன்றாக வந்தால் ஹெட், ரிப்பன், மோட்டார் எதிலும் குறை இல்லை. அதிலேயே கிடைமட்டமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு பின் அடிக்கவில்லை. எல்லாமே மங்கல் என்றால் ரிப்பனையும், காகிதத் தடிமனுக்கான நெம்புகோலையும் பாருங்கள். இவற்றைக் கட்டளையால் சரிசெய்ய முடியாது, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

அடுத்து ஹெக்ஸ் டம்ப். இந்த வசதி இருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் சிரமப்படுபவர்கள் நிறையப் பேர். அதே எல்எக்ஸ் வகையில் லைன் ஃபீட், லோட்/இஜெக்ட் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவரைப் போடுங்கள். அதன் பிறகு வரும் எந்தக் கட்டளையையும் பிரிண்டர் நிறைவேற்றாது. வந்த ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாக அச்சிட்டுக் காட்டும். 27 என்பது 1பி என்றும், 13 என்பது 0டி என்றும், 10 என்பது 0ஏ என்றும் விழும். கடைசி வரி நிறையாமல் உள்ளேயே நின்றால் பாஸ் பொத்தானை அழுத்துங்கள், வெளியே வந்துவிடும். வேலை முடிந்ததும் பவரை அணைத்துப் போட்டால் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும்.

நீங்கள் அனுப்பியதாக நினைப்பது ஒன்று, பிரிண்டருக்கு வந்து சேர்ந்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மொழியின் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) விதிகள், எழுத்துக் குறியாக்கம், டிரைவர், ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் மென்பொருள்), கேபிள் என்று இத்தனை கைகள் மாறுகின்றன. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கைமாற்றத்தில் நடப்பவை. டம்ப் எடுத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கட்டளையின் எழுத்தே காகிதத்தில் அச்சாகிறது

எழுத்தைத் தடிமனாக்க 27, 69 அனுப்பினீர்கள். எழுத்து தடிக்கவில்லை, பெரிய 'இ' மட்டும் காகிதத்தில் விழுகிறது. அல்லது பக்கத்தின் தலையில் ஒரு 'அட்' குறி தனியாக நிற்கிறது. இரண்டிலும் 69, 64 வந்து சேர்ந்திருக்கின்றன, முன்னால் வர வேண்டிய 27 வரவில்லை.

முதல் சந்தேகம் மொழியின் மீது. பேசிக், ஃபாக்ஸ்புரோ போன்றவற்றில் ஸ்ட்ரிங்குக்குள் பின்சாய்வுக்கோட்டுக்குத் தனி அர்த்தம் கிடையாது. சி மொழிப் பழக்கத்தில் பின்சாய்வுக்கோடு போட்டு எண்ணை எழுதினால், அந்தக் கோடும் எண்ணும் அப்படியே அச்சாகும். அங்கே எண்ணைப் பைட்டாக மாற்றும் சிஎச்ஆர் ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சி மொழியில் வேறு இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, பின்சாய்வுக்கோட்டை அடுத்து 27 என்று எழுதுவது. சி அதை எட்டடிமான எண்ணாகப் படிக்கும், எட்டடிமானத்தில் 27 என்பது 23. பிரிண்டருக்குப் போவது எஸ்கேப் அல்ல. 033 என்று எழுத வேண்டும். பைத்தானிலும் இதே கதைதான்.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். பதினாறடிமானத்தில் பின்சாய்வுக்கோடு, எக்ஸ், 1பி என்று எழுதி, இடைவெளி விடாமல் தடிமனுக்கான 'இ'யைச் சேர்க்கிறீர்கள். 'இ' என்பதும் ஒரு பதினாறடிமான இலக்கம். சி கம்பைலர் 1பிஇ என்று மூன்று இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். சி ஷார்ப்பிலும் அப்படித்தான். ஆனால் தொடக்க நிலைக் கட்டளையில் வரும் 'அட்' குறி பதினாறடிமான இலக்கம் அல்ல, அதனால் அது சரியாக வேலை செய்யும். 12 பிட்ச் (அங்குலத்துக்கு 12 எழுத்து) கட்டளையின் 'எம்'மும் வேலை செய்யும். தடிமன், தடிமன் நீக்கம், பக்க நீளம், அதாவது 'இ', 'எஃப்', 'சி' வரும் கட்டளைகள் மட்டும் தோற்கும். சில கட்டளைகள் கேட்கின்றன, சில கேட்கவில்லை என்றால் மனம் நேரே பிரிண்டரைத்தான் குறை சொல்லும். அதற்கு முன் தோற்கும் கட்டளைகளின் எழுத்துகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளாகவே இருந்தால் குற்றவாளி ஸ்ட்ரிங்தான். ஸ்ட்ரிங்கை இரண்டாக வெட்டி எழுதினாலே போதும். பைத்தானில் எக்ஸுக்குப் பின் சரியாக இரண்டு இலக்கம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

கட்டளை காகிதத்திலும் இல்லை, பலனும் இல்லை

விண்டோஸில் சாதாரண அச்சு வழியாக அனுப்பியிருப்பீர்கள். அந்த வழியில் உங்கள் எழுத்துகள் ஒரு படமாக வரையப்பட்டு, டிரைவர் அந்தப் படத்தைத் தனக்குத் தெரிந்த கட்டளைகளாக மாற்றி அனுப்பும். உங்கள் 27 அதில் வெறும் அச்சாகாத எழுத்து, நடுவழியில் உதிர்ந்துவிடும். இந்த நிலையில் ஹெக்ஸ் டம்ப் எடுத்தால், நீங்கள் எழுதவே இல்லாத பைட்டுகள் பக்கம் பக்கமாகக் கொட்டும். அதுவே அடையாளம்.

டிரைவரை ஒதுக்கிவிட்டு ஸ்பூலருக்கு நேரடியாகப் பைட்டுகளைத் தர வேண்டும். ஓபன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ரைட்பிரிண்டர் என்ற மூன்று ஃபங்ஷன்களை இந்த வரிசையில் கூப்பிட்டு, ஆவணத்தின் தரவு வகை 'ரா' என்று சொல்லிவிட்டால் பைட்டுகள் தொடப்படாமல் போகும். யூஎஸ்பி பிரிண்டரில் பழைய டாஸ் புரோகிராம் ஓட வேண்டுமானால், பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அந்த ஷேருக்குக் கட்டிவிடலாம். லினக்ஸில் எல்பி கட்டளையோடு 'ரா' விருப்பத்தைச் சேர்க்கலாம், அல்லது யூஎஸ்பி எல்பி0 சாதனக் கோப்பிலேயே நேராக எழுதலாம். எழுத அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கை எல்பி குழுவில் சேருங்கள்.

ஃபாக்ஸ்புரோகாரர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டளை பைட்டுகளை ஒற்றைக் கேள்விக்குறியால் அனுப்பினால், அது முதலில் ஒரு புது வரியை அனுப்பிவிட்டுத்தான் உங்கள் பைட்டை அனுப்பும். பில்லில் இல்லாத வெற்று வரிகள் முளைப்பது இதனால்தான். மூன்று கேள்விக்குறி கட்டளை எதையும் சேர்க்காமல் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பும்.

டம்ப்பில் 27 சரியாக வந்திருக்கிறது, ஆனாலும் பலன் இல்லை என்றால் பிரிண்டர் ஐபிஎம் புரோபிரிண்டர் முறையில் இருக்கலாம். இரண்டு மொழிகளும் பாதி ஒன்றுபோலவே இருப்பதுதான் இதில் குழப்பம். 15 அனுப்பினால் எழுத்து இரண்டிலும் சுருங்கும், 27, 69 இரண்டிலும் தடிக்கும். ஆனால் 12 பிட்சுக்கு எப்சன் முறையில் 27, 77. ஐபிஎம் முறையில் 27, 58. எப்சனில் சாய்வெழுத்தாக்கும் 27, 52 ஐபிஎம் முறையில் 'இதுதான் பக்கத்தின் தலை' என்று குறித்துக்கொள்ளும் கட்டளை. சாய்வெழுத்தும் வராமல் அடுத்த பக்கமும் இடம் மாறி நின்றால், வேறெதையும் தேடாமல் பிரிண்டரின் டிப் சுவிட்சிலோ முகப்பு மெனுவிலோ எமுலேஷனை, அதாவது பேச வேண்டிய கட்டளை மொழியை, எஸ்கேப்/பி என்று மாற்றுங்கள்.

எல்லா வரியும் ஒன்றின் மேல் ஒன்று, அல்லது ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி

13 ஹெட்டை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகும், 10 காகிதத்தை ஒரு வரி நகர்த்தும். இரண்டும் தனித்தனி வேலை. 13 மட்டும் போனால் ஒரே வரியில் எல்லாம் குவிந்து காகிதமே கிழியும். 10 மட்டும் போனால் பிரிண்டரைப் பொறுத்துச் சரியாகவும் வரலாம், படிக்கட்டு போல வலப்பக்கம் இறங்கிக்கொண்டும் போகலாம். இரண்டும் போய், பிரிண்டரில் ஆட்டோ லைன் ஃபீட்டும் போட்டிருந்தால் இரட்டை இடைவெளி. சுவிட்சை அணைத்துவிட்டு, புரோகிராமிலேயே 13, 10 இரண்டையும் அனுப்புவதுதான் என் பழக்கம். பிரிண்டரை மாற்றினாலும் புரோகிராமைத் தொட வேண்டியிருக்காது.

பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது

முதல் பில் சரியாக நிற்கிறது. இரண்டாவது ஒரு அங்குலம் தள்ளி. மூன்றாவது இரண்டு அங்குலம். பத்தாவது பில்லில் தலைப்பு துளைக்கோட்டின் மேலேயே விழுகிறது. தொடர்தாள் வைத்து அச்சடிப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது பட்டிருப்பார்கள். ஒரு ஸ்கேல் எடுத்து, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நழுவுகிறது என்று அளந்துவிடுங்கள். காரணம் அந்த அளவிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியாக ஒரு அங்குலம் என்றால், காகிதம் 12 அங்குலம், பிரிண்டர் நினைத்துக்கொண்டிருப்பது 11 அங்குலம், அல்லது நேர்மாறாக. வழக்கமான ஒரு அங்குலத்துக்கு 6 வரி இடைவெளியில் 11 அங்குலத்துக்கு 66 வரி, 12 அங்குலத்துக்கு 72 வரி. 27, 67, 72 என்று வரிக் கணக்கிலும் சொல்லலாம். 27, 67, 0, 12 என்று அங்குலக் கணக்கிலும் சொல்லலாம். அங்குலக் கணக்கில் முழு எண் மட்டுமே தர முடியும். ஐந்தரை அங்குலப் படிவத்துக்கு வரிக் கணக்குதான் வழி: 27, 67, 33.

வரிக் கணக்கில் ஒரு நுணுக்கம். கட்டளை போகும் நேரத்தில் எந்த வரி இடைவெளி நடப்பில் இருக்கிறதோ அதை வைத்தே பிரிண்டர் நீளத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஒரு அங்குலத்துக்கு 8 வரி வரும்படி 27, 48 அனுப்பிவிட்டு, பிறகு 66 வரி என்று சொன்னால் பக்கம் எட்டேகால் அங்குலமாகிவிடும். பக்க நீளத்தை முதலில் சொல்லுங்கள், வரி இடைவெளியை அப்புறம் மாற்றுங்கள். முன்பு சொன்ன நீளம் அதனால் மாறாது.

அங்குலக் கட்டளையில் நடுவே வரும் 0தான் நான் அதிகம் பார்த்த வில்லங்கம். சி மொழியில் ஸ்ட்ரிங் 0 வந்த இடத்தில் முடிந்துவிடும். 27, 67, 0, 12 என்று எழுதி ஸ்ட்ரிங்காக அனுப்பினால் 27, 67 மட்டும் போகும். பிரிண்டர் நீளத்துக்கான எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அடுத்து வருவது எதுவோ அதையே எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒரு முறை என் பில்லின் தலைப்பில் முதல் எழுத்து மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. ரிப்பனைப் பார்த்தேன், ஹெட்டைத் துடைத்தேன், இடது ஓரத்தை நகர்த்தினேன். தலைப்பு ஆங்கிலத்தில் 'பில்' என்று தொடங்கியது. பெரிய 'பி'யின் எண் 66. பிரிண்டர் அதை விழுங்கிவிட்டு, பக்கம் 66 வரி என்று குறித்துக்கொண்டது. 66 வரி என்றால் 11 அங்குலம், என் காகிதம் 12 அங்குலம். எழுத்து காணாமல் போவதும், பக்கம் ஒரு அங்குலம் நழுவுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்று டம்ப் எடுத்த பிறகுதான் தெரிந்தது. 27, 67க்கு அடுத்து 00 வர வேண்டிய இடத்தில் 42 நின்றது. பதினாறடிமானத்தில் 42 என்றால் 66தான். ஸ்ட்ரிங்காக எழுதாமல், எத்தனை பைட் என்று எண்ணிக்கை சொல்லி எழுதும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் 0 தப்பாமல் போகும்.

நடுவழியில் ஏதோ ஒரு மென்பொருள் 0வை மட்டும் உதிர்த்துவிட்டால் 27, 67, 12 ஆகிவிடும். அதாவது 12 வரி, வெறும் இரண்டு அங்குலப் பக்கம். ஃபார்ம் ஃபீட் (12, அடுத்த பக்கத்தின் தலைக்கு நகர்த்தும் கட்டளை) அனுப்பும்போது காகிதம் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் அங்கங்கே நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

நழுவல் ஒரே அளவாக இல்லாமல் ஒவ்வொரு பில்லுக்கும் வேறாக இருந்தால் கதை வேறு. 27, 64 பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது எழுத்து அளவையும் இடைவெளியையும் மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அந்த நேரத்தில் ஹெட் எந்த வரியில் நிற்கிறதோ அதையே பக்கத்தின் தலை என்று எடுத்துக்கொள்ளும். பில் பாதியில் முடிந்த இடத்தில், 'எதற்கும் இருக்கட்டும்' என்று 27, 64 அனுப்பினால், அங்கிருந்து புதுப் பக்கம் எண்ணத் தொடங்கும். பில்லின் நீளத்துக்கு ஏற்ப நழுவலும் மாறும். 27, 67க்கும் இதே குணம் உண்டு. ஆகவே முதலில் 12 அனுப்பிப் பக்கத்தை முடியுங்கள், பக்கத்தின் தலையில் நிற்கும்போது மட்டும் இந்த இரண்டையும் அனுப்புங்கள். அத்துடன் 27, 64 உங்கள் பக்க நீளத்தையும் அழித்துவிடும், அதை அனுப்பிய உடனே 27, 67ஐத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது: பவர் இருக்கும்போது பக்கவாட்டுக் குமிழைக் கையால் திருப்பக் கூடாது. கையால் நகர்த்தியது பிரிண்டரின் கணக்கில் ஏறாது.

அகலத் தகராறுகள்

80 எழுத்து தாண்டியதும் மீதி அடுத்த வரிக்கு இறங்குகிறது என்றால், சுருங்கிய எழுத்து போட்டீர்களா என்று பாருங்கள். 8 அங்குல அகலத்தில் 10 பிட்சில் 80 எழுத்து, 12 பிட்சில் 96, 15 பிட்சில் 120. 10 பிட்சில் நின்று 15 அனுப்பிச் சுருக்கினால் அங்குலத்துக்கு 17.14 எழுத்து, மொத்தம் 137. 132 எழுத்து அறிக்கை 80 நெடுவரிசைப் பிரிண்டரில் இப்படித்தான் அடங்கும். 27, 103 அனுப்பி 15 பிட்சில் இருக்கும்போது சுருக்கும் கட்டளை பலிக்காது. முதலில் 27, 80 அனுப்பி 10 பிட்சுக்கு வாருங்கள்.

சுருங்கியும் 80வது எழுத்தில் வரி உடைந்தால், உடைப்பது உங்கள் மொழியாக இருக்கலாம். ஜிடபிள்யூ பேசிக் பிரிண்டரின் அகலம் 80 என்று தானாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போனால் தானே வரியை முறிக்கும். விட்த் கட்டளையில் எல்பிடி1க்கு 255 என்று கொடுத்தால் முறிப்பதை நிறுத்திவிடும்.

அடுத்த பில்லும் சுருங்கியே வருகிறது, அல்லது மொத்த பில்லும் பெரிய எழுத்தில் வருகிறது என்றால் போட்ட கட்டளையை நீக்கவில்லை. 15ஐ நீக்க 18. இரட்டை அகலத்துக்கு 14 அனுப்பினால் அந்த வரியோடு தானாகப் போய்விடும். 27, 87, 1 அனுப்பினால் 27, 87, 0 வரும் வரை விடாது. இதில் 87 பெரிய 'டபிள்யூ'. சிறிய 'டபிள்யூ' 119, அது இரட்டை உயரம். எஸ்கேப்/பியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு கட்டளை. ஸ்ட்ரிங்கைப் பெரிய எழுத்தாக்கும் ஃபங்ஷன் எங்காவது நடுவில் ஓடினால் இரட்டை உயரம் கேட்ட இடத்தில் இரட்டை அகலம் வந்துவிடும்.

தொகை நெடுவரிசை சில வரிகளில் மட்டும் இடப்பக்கம் நகர்ந்து நின்றால், அந்த வரிகளில் கட்டளை ஒளிந்திருக்கிறதா பாருங்கள். பெயரைத் தடிமனாக்க முன்னும் பின்னுமாக நான்கு பைட் சேர்த்துவிட்டு, பிறகு 30 எழுத்துக்கு இடைவெளி நிரப்பினால், அந்த நான்கும் எழுத்தாக எண்ணப்படும். காகிதத்தில் 26தான் தெரியும். முதலில் நிரப்புங்கள், கட்டளையைப் பிறகு சுற்றுங்கள்.

வரி இடைவெளி தவறு, கூடவே ஒரு எண் தானாக அச்சாகிறது

வரி இடைவெளிக்கு 27, 51 அனுப்பி, 30 என்று எழுத்தாக எழுதினீர்கள். போனது 30 என்ற பைட் அல்ல. '3' என்ற எழுத்தின் எண் 51, '0' என்ற எழுத்தின் எண் 48. பிரிண்டர் 51ஐ இடைவெளியாக எடுத்துக்கொண்டு, 48ஐ, அதாவது சுழியத்தை, அச்சிட்டுவிடும். அகலமான வரிகளும், ஓரத்தில் ஒரு சுழியமும் சேர்ந்து வந்தால் இதுதான். 9 பின்னில் இந்த எண் ஒரு அங்குலத்தில் 216இல் இத்தனை பங்கு. 24 பின்னில் 180இல் இத்தனை பங்கு. ஒரே புரோகிராம் இரண்டு பிரிண்டரில் இரண்டு விதமாக வருவது இதனால்.

எழுத்துகள் வேறாக வருகின்றன

எண் குறி பவுண்டு குறியாக விழுந்தால் பிரிண்டர் பிரிட்டன் எழுத்துத் தொகுதியில் இருக்கிறது. 27, 82, 0 அனுப்புங்கள். கட்டம் போடும் கோடுகளுக்குப் பதில் சாய்ந்த எழுத்துகள் வந்தால், மேல்பாதி அட்டவணை சாய்வெழுத்தாக இருக்கிறது. 27, 116, 1 அனுப்பினால் கோடுகள் கிடைக்கும்.

கட்டளைகளில் 127 வரை உள்ள எண்கள் வேலை செய்து, அதற்கு மேற்பட்டவை மட்டும் கெட்டுப்போனால் குறியாக்கம்தான் காரணம். யுடிஎஃப்-8 என்று எழுதினால் 200 என்ற ஒரு பைட் 195, 136 என்று இரண்டாகும். ஆஸ்கி என்று எழுதினால் 63, அதாவது கேள்விக்குறி ஆகும். லத்தீன்-1 என்று சொல்லி எழுதினால் 0 முதல் 255 வரை அப்படியே போகும். இன்னும் நல்லது, ஸ்ட்ரிங்கையே விட்டுவிட்டுப் பைட் அடுக்காக எழுதுவது. அச்சின் தொடக்கத்தில் மட்டும் மூன்று விசித்திரக் குறிகள் விழுந்தால் அவை 239, 187, 191 என்ற யுடிஎஃப்-8 முன்குறி. கோப்பை முன்குறி இல்லாமல் சேமியுங்கள்.

தமிழை அப்படியே அனுப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆல்ஃபா குறியும் இரட்டைக் கோண மேற்கோளும் வரி முழுக்க மாறி மாறி வரும். யுடிஎஃப்-8இல் 'அ' என்பது 224, 174, 133. பிரிண்டரின் 437 என்ற எழுத்து அட்டவணையில் 224க்கு ஆல்ஃபா, 174க்கு இடது கோண மேற்கோள். தமிழ் எழுத்துகள் எல்லாமே 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 என்று வருவதால் அதே கோலம் திரும்பத் திரும்ப விழுகிறது. பிரிண்டரின் நிரந்தர நினைவகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாதபோது எந்த அட்டவணைக் கட்டளையும் இதைத் தீர்க்காது. வரியைக் கணினியிலேயே எழுத்துரு கொண்டு கருப்பு வெள்ளைப் படமாக வரைந்து, புள்ளிகளாக அனுப்ப வேண்டும். 8 புள்ளி உயரம் தமிழுக்குப் போதாது, 'ணு', 'ஞை' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக் கறுத்துவிடும். 9 பின்னில் குறைந்தது 16 புள்ளி, அதாவது இரண்டு பட்டையாக அனுப்புங்கள். 24 பின் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், தமிழுக்கு அது கொடுக்கும் தெளிவு வேறு.

படமும் தமிழ் வரியும் அனுப்பும்போது

பட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு வந்தால் வரி இடைவெளி பெரிதாக இருக்கிறது. 27, 51, 24 அனுப்புங்கள். 9 பின்னில் 216இல் 24 பங்கு என்பது 8 பின்னின் உயரம். 24 பின்னில் 180இல் 24 பங்கு என்பது 24 பின்னின் உயரம். இரண்டுக்கும் ஒரே எண் பொருந்துவது அதிர்ஷ்டம். வரி இடைவெளிக்கான இன்னொரு கட்டளையான 27, 65, 8 அனுப்பியும் கோடு போகவில்லை என்றால் அதை அடுத்து 27, 50 போகிறதா பாருங்கள். ஐபிஎம் முறையில் 65ஐ நடப்புக்குக் கொண்டுவருவது 50தான். எப்சன் முறையிலோ அது இடைவெளியைத் திரும்ப ஆறில் ஒரு அங்குலமாக்கிவிடும்.

படம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு நின்றால், அந்த இடத்தில் 26 இருக்கிறதா தேடுங்கள். டாஸ், விண்டோஸ் காப்பி கட்டளை எழுத்து முறையில் 26ஐக் கோப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும். கட்டளையோடு /பி சேர்த்தால் முழுதும் போகும். நிற்காமல், ஒரு இடத்திலிருந்து படம் ஒரு புள்ளி நகர்ந்து, பட்டையின் கடைசியில் குப்பை எழுத்து விழுந்தால் அங்கே 10 இருந்திருக்கும். விண்டோஸில் எழுத்து முறையில் திறந்த கோப்பு 10ஐ 13, 10 என்று இரண்டாக்கிவிடும். பைனரி முறையில் திறக்க வேண்டும்.

எண்ணிக்கையையும் சரிபாருங்கள். 8 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 60 புள்ளி என்றால் 480 நெடுவரிசை. 480இல் ஒரு 256, மீதி 224. ஆகவே படக் கட்டளையான 27, 75, அடுத்து 224, 1, அதன் பின் சரியாக 480 பைட். 470 மட்டும் அனுப்பினால் அடுத்து வரும் 10 எழுத்துகளைப் புள்ளிகளாக அடித்துவிடும். 490 அனுப்பினால் கடைசி 10 பைட்டும் எழுத்துகளாக விழும். 24 பின் படத்தில் ஒரு நெடுவரிசைக்கு மூன்று பைட், ஆனால் கட்டளையில் சொல்வது நெடுவரிசை எண்ணிக்கை மட்டுமே. பைட் எண்ணிக்கையைச் சொன்னால் பின்னால் வரும் வரிகளையெல்லாம் பிரிண்டர் விழுங்கும்.

ஒவ்வொரு பட்டையும் தலைகீழாக இருந்தால் பிட் வரிசை புரண்டிருக்கிறது. 128தான் மேல் பின், 1 கீழ்ப் பின். செங்குத்துக் கோடு பட்டைக்குப் பட்டை விலகி நெளிந்தால், போகும்போதும் வரும்போதும் அடிப்பதில் இம்மி வித்தியாசம். 27, 85, 1 ஒரே திசையில் அடிக்க வைக்கும். வேகம் குறையும், கோடு நேராகும்.

பாதியில் எழுத்துகள் விட்டுப்போகின்றன

சீரியல் இணைப்பில் முதல் சில வரிகள் சரி, பிறகு எழுத்துகள் காணோம் என்றால், பிரிண்டர் 'பொறு' என்று சொல்வது கணினிக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஹேண்ட்ஷேக் முறை, அதாவது 'பொறு', 'அனுப்பு' என்று சொல்லிக்கொள்ளும் முறை இருக்கட்டும். தொடக்கத்திலிருந்தே குப்பை என்றால் இரண்டு பக்கமும் பாட் வேகம் (தரவு அனுப்பும் வேகம்) பொருந்தவில்லை. படங்கள் மட்டும் கெட்டால் டேட்டா பிட் 8க்குப் பதில் 7 ஆக இருக்கும்.

கடைசி வரி மட்டும் வரவில்லை

அடுத்த பில்லை அனுப்பும்போது முந்தைய பில்லின் கடைசி வரி சேர்ந்து வரும். ஒரு வரி முடிந்தது என்று 13, 10 அல்லது 12 சொல்லும் வரை பிரிண்டர் அந்த வரியைக் கையிலேயே வைத்திருக்கும். வேலையின் கடைசிப் பைட் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்த பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வெற்றுப் பக்கம் கூடுதலாக வந்தால், உங்கள் மொழியோ ஸ்பூலரோ ஏற்கெனவே ஒரு 12 சேர்க்கிறது. ஹெக்ஸ் டம்ப்பின் கடைசி வரியில் 0சி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டு, ஒன்றை எடுத்துவிடுங்கள்.